சூடானதும் ரேஸ் ஏறி இறங்கும் விட்டாரா: ஈசீயூ வாங்க முன்

தம்பி, நீங்கள் கேட்டது "பாவித்த ஈசீயூ ஒன்று வாங்கிப் போடலாமா" என்று (ஈசீயூ என்பது எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி). எழுதியதை முழுக்க வாசித்தால் கேள்வி வேறு என்று தெரிகிறது: இவ்வளவு மாற்றியும் ஏன் அடங்கவில்லை, அடுத்த காசை எதில் போடுவது. மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். வாகனம் 90களின் சுசுகி விட்டாரா, 1600 சீசீ பெற்றோல், இஞ்ஜெக்ஷன், மனுவல் கியர். நக்கிள்ஸ் மலைப் பக்கம் போய், ஓடை ஒன்றைக் கடந்து, ஏற்றத்தில் சூடு ஏறி, வழியில் ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றி, கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு தொடங்கிய வருத்தம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்காக நிற்கிறது. பத்து நிமிடம் போனதும் ஐட்லிங், அதாவது அக்சிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போதுள்ள எஞ்சின் வேகம் (ரேஸ்), நிமிடத்துக்கு 800 சுற்றுக்கும் 1600க்கும் இடையில் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. காலி வீதி நெரிசலில் ஏசி போட்டால் சில வேளை நின்றே போகிறது. ஓட்டத்தில் குறை இல்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் வாயான த்ரொட்டில் பொடி கழுவியாச்சு, நாலு பிளக்கும் புதிது, பாவித்த சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்த ஐட்லிங் வால்வு போட்டாச்சு, சூடு ஏறுது என்று, எஞ்சினை ஆற்றும் தண்ணீரின் (கூலன்ட்) ஓட்டத்தை அடக்கும் வால்வான தர்மோஸ்டற்றையும் கழற்றியாச்சு. இப்போது பாஸ் (மெக்கானிக்) கையை விரித்து ஈசீயூ என்கிறார்.

நான் கராஜில் இஞ்ஜெக்ஷன் எஞ்சின்களின் கோளாறு பார்த்தே பல வருடம் போக்கியவன். ஆனால் உங்கள் வாகனத்தைக் காதால் கேட்கவில்லை, கையால் தொடவில்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன். உறுதி: நீங்கள் சொல்லும் தாளம், வேண்டாத காற்று எங்கோ உள்ளே போவதற்கான அடையாளம். ஊகம்: அந்தக் காற்று கூலன்ட் ஒழுங்கில்லாததால் மூடாமல் நிற்கும் ஒரு சின்ன வால்வு வழியாகப் போகிறது. ஈசீயூ என் பட்டியலில் கடைசி.

காரணம் இதுதான். ஐட்லிங்கில் நிற்கும்போது த்ரொட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். எஞ்சின் மூச்சு விடுவது பக்கத்துப் பாதையால். அந்தப் பாதையை எவ்வளவு திறப்பது என்பதை ஐட்லிங் வால்வு மூலம் ஈசீயூ பார்த்துக்கொள்ளும். சூடான எஞ்சினில் அது பிடிக்கப் பார்ப்பது 800 ஆர்பிஎம் அளவை. வேறு ஓட்டையால் காற்று வந்தால் ஈசீயூ தன் வால்வை ஒடுக்கும். முழுக்க ஒடுக்கியும் காற்று மிஞ்சினால் ரேஸ் ஏறும். ஏறி ஓர் எல்லையைத் தாண்டியதும், த்ரொட்டில் மூடியிருக்க ரேஸ் கூடி நிற்பதைப் பார்த்து, வாகனம் பள்ளத்தில் இறங்குகிறது என்று ஈசீயூ எடுத்துக்கொண்டு பெற்றோலை நிறுத்திவிடும். ரேஸ் விழும். விழுந்ததும் திரும்பப் பெற்றோல் கொடுக்கும், மீண்டும் ஏறும். உப்புக் கூடிவிட்டதென்று தண்ணீரும், தண்ணீர் கூடிவிட்டதென்று உப்பும் மாறி மாறிப் போடும் சமையல் போல. நீங்கள் கேட்கும் தாளம் இதுதான். ஈசீயூ அதில் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஏறி இறங்கும் நேரத்தில் பொனட்டைத் திறந்து, த்ரொட்டில் கேபிள் பிடிக்கும் நெம்பைக் கையால் மயிரிழை அளவு திறந்து பிடியுங்கள். தாளம் நின்று, ரேஸ் கொஞ்சம் உயரத்தில் ஆடாமல் நின்றால், நான் மேலே சொன்ன பெற்றோல் வெட்டுத்தான். த்ரொட்டில் திறந்திருப்பதை ஈசீயூ கண்டதும் வெட்டுவதை விட்டுவிடும். அப்படிப் பிடித்தும் எஞ்சின் குலுங்கினால், மிஸ் அடித்தால் (ஒரு சிலிண்டர் இடையிடையே எரியாமல் விட்டால்), கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது, காலையில் ஏன் நல்லாக நிற்கிறது? பலர் இதைக் கவனிப்பதில்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு ஈசீயூவே கூடுதல் காற்றும் கூடுதல் ரேஸும் கொடுக்கும். பெற்றோலை வெட்டும் எல்லையும் அப்போது உயரத்தில் இருக்கும். ஆகவே ஓட்டை இருந்தாலும் மறைந்து கிடக்கும். சூடாகி, குறைந்த ரேஸில் நிற்க வேண்டிய நேரம் வந்ததும் வெளியே தெரியும்.

இங்கேதான் உங்கள் பயணக்கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்து ஜப்பான் எஞ்சின்கள் பலவற்றில், ஐட்லிங் வால்வைத் தவிர இன்னொரு காற்று வால்வும் த்ரொட்டில் பொடியோடு இருக்கும். வயரோ கரண்டோ இல்லை. உள்ளே மெழுகுக் குளிகை ஒன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது திறந்து காற்று விடும். பக்கத்தால் ஓடும் கூலன்ட் சூடாக, மெழுகு விரிந்து பாதையை மூடும். கூலன்ட் குறைந்தாலோ, உள்ளே காற்றுக் குமிழ் சிக்கினாலோ அந்த வால்வுக்குச் சூடு போய்ச் சேராது. எஞ்சின் சூடாகி ஈசீயூ 800 கேட்கும் நேரத்திலும் அது பாதி திறந்தே நிற்கும். நீங்கள் சூடேறிய எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் ஊற்றினீர்கள்; காற்றை ஒழுங்காக வெளியேற்றியதாக எழுதவில்லை. அதற்கு மேல் தர்மோஸ்டற்றையும் கழற்றியிருக்கிறார்கள். 80 பாகையைத் தாண்டித் திறக்க வேண்டிய தர்மோஸ்டற் இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேற்றரைச் சுற்றி வரும். ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வரவே கஷ்டப்படும். நம்மூர்க் கராஜ்களில் சூடு ஏறும் வாகனத்துக்கு முதல் வைத்தியம் தர்மோஸ்டற்றைப் பிடுங்குவது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சூடு ஏறியதற்கு உண்மையான காரணம், அடைத்த ரேடியேற்றரோ சோர்ந்த ஃபேன் கிளச்சோ எதுவோ, அப்படியே கிடக்கும். மேலதிகமாக ஐட்லிங் வருத்தமும் பெற்றோல் செலவும் வந்து சேரும்.

செய்ய வேண்டியது: எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். பக்கத்துப் போத்தலில் மட்டம் சரியாக இருப்பதை நம்ப வேண்டாம். போத்தல் நிறைந்து ரேடியேற்றர் குறைந்திருப்பதும் உண்டு. புதுத் தர்மோஸ்டற் போட்டு, கூலன்ட் நிரப்பி, வாகனத்தின் மூக்கு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீற்றர் இருந்தால் முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஓடவிட்டு குமிழ் அடங்கும் வரை நிரப்புங்கள். பிறகு த்ரொட்டில் பொடிக்குப் போகும் விரல் தடிப்பமான இரண்டு கூலன்ட் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினில் இரண்டும் கை வைக்க முடியாத சூடாக இருக்க வேண்டும். ஒன்று சுட, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டம் இல்லை என்று அர்த்தம். குமிழ் அல்லது துரு அடைத்திருக்கிறது. இரண்டும் நன்றாகச் சுட்டும் தாளம் நிற்கவில்லை என்றால் வால்வே பழுதாகியிருக்கலாம், அல்லது என் ஊகம் பிழை.

இதற்கிடையில் இன்னொன்றைப் பாருங்கள், இதற்கு ஒரு சதமும் செலவில்லை. த்ரொட்டில் நெம்பு வந்து முட்டும் இடத்தில் சின்னத் திருகாணி ஒன்று, பூட்டு நட்டோடு இருக்கும். கம்பனி அதைச் சரிசெய்து, தலையில் ஒரு பொட்டுப் பெயின்ட் வைத்து அனுப்பும். பெயின்ட் உடைந்து, நட்டின் விளிம்பில் புதுக் கீறல் பளபளத்தால், யாரோ வாகனம் நின்று போகாமல் இருக்க அதை முறுக்கி ரேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஐட்லிங் ஏற்றும் திருகாணி அது அல்ல. அதை முறுக்கினால் த்ரொட்டில் உண்மையாகவே திறந்து நிற்கும், அதோடு த்ரொட்டில் பொசிஷன் சென்சரின் வாசிப்பும் நகரும். கால் எடுத்ததை ஈசீயூ அறியாது, ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது. கழுவிய கையோடு இதையும் தொட்டிருந்தால் மற்ற எந்தச் சோதனையும் சரியான பதில் தராது. முதலில் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கூலன்ட் சரி, திருகாணி சரி என்றால் வக்கியூம் லீக், அதாவது த்ரொட்டிலுக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் ஓட்டை, தேட வேண்டும். காடு மேடு ஓடும் வாகனத்தில் எஞ்சின் மவுண்ட்கள் சோர்ந்து எஞ்சின் ஆட, ஹோஸ்கள் உரசும், கிளாம்ப் இளகும், காய்ந்த ரப்பர் வெடிக்கும். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது மூக்கு நீண்ட குறடு ஒன்றின் வாயில் துணி சுற்றி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மெனிஃபோல்டில் இருந்து புறப்படும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெல்ல நசித்துப் பிடியுங்கள். எதை நசித்ததும் தாளம் அடங்குகிறதோ, லீக் அந்த ஹோஸிலோ அதன் மறு முனையிலோ. பிரேக் மிதியை இலகுவாக்கும் சேர்வோவுக்குப் போகும் தடித்த ஹோஸை மறக்க வேண்டாம். அதை நசித்து அடங்கினால் ஐட்லிங்கை விட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு விடும் பிசீவீ வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசினில் ஒட்டிப் போயிருக்கிறது, திறந்தபடி ஒட்டினால் அதுவும் ஓட்டைதான். எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பும் ஈஜீஆர் வால்வு உள்ள எஞ்சின் என்றால், அது கரி பிடித்துச் சற்றே திறந்து நின்றாலும் ஐட்லிங் கெடும். அது பெரும்பாலும் கரடுமுரடான குலுக்கமாக வரும், உங்களுடையது போல் சீரான தாளமாக வருவது குறைவு.

ஏர் கிளீனர் பெட்டியில் இருந்து த்ரொட்டிலுக்கு வரும் மடிப்புக் குழாயையும் பாருங்கள். ஒரு முறை ஒரு ஜீப் இரண்டு ஐட்லிங் வால்வும் ஒரு சென்சரும் மாற்றிய பின் என்னிடம் வந்தது. குழாயை மேலால் பார்த்தால் புதிது போல இருந்தது. கழற்றிக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தை வெளியே வளைத்தபோது மடிப்பின் பள்ளத்தில், காய்ந்த சேற்றின் கீழே, நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. ஆனால் இந்தக் குழாய் குற்றவாளியாவது எல்லா வாகனத்திலும் இல்லை. உங்கள் ஏர் கிளீனர் பெட்டியை அடுத்து, வயர் பிளக்கோடு காற்றை அளக்கும் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மீற்றருக்குப் பின்னால் புகும் காற்றை ஈசீயூ எண்ணாது. பெற்றோல் குறைந்து எஞ்சின் வறண்டு நடுங்கும். மீற்றர் இல்லாமல் மெனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சர் மட்டும் இருந்தால், த்ரொட்டிலுக்கு முன்னால் உள்ள கிழிசல் ஐட்லிங்கைக் கெடுக்காது, வடிகட்டாத தூசியைத்தான் உள்ளே விடும். அந்த வகையில் த்ரொட்டிலுக்குப் பின்னால் லீக் வந்தால் அழுத்தம் கூடியதைக் கண்டு ஈசீயூ பெற்றோலையும் கூட்டும். நடுக்கத்தை விட ரேஸ் ஏற்றமே முன்னுக்கு வரும். உங்கள் அறிகுறி இந்த இரண்டாவது வகையோடு கூடுதலாகப் பொருந்துகிறது.

லீக் தேடச் சூடான எஞ்சின்மேல் கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது. தீப்பிடித்த வாகனம் பார்த்தவன் என்ற முறையில் வேண்டாம் என்கிறேன். பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலில் தண்ணீர் எடுத்து, மெனிஃபோல்ட் கஸ்கற் ஓரமாகவும் இஞ்ஜெக்டர் அடிகளிலும் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். தண்ணீர் ஓட்டையை அடைத்த கணம் சத்தம் மாறும். பல கராஜ்களில் இப்போது புகை விட்டு லீக் தேடும் மெஷின் இருக்கிறது, அதுதான் சிறந்தது. கையில் வைத்திருக்கச் சொன்னால் நான் சொல்வது ஒரு வக்கியூம் கேஜ், மெனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் மீற்றர். ஆரோக்கியமான எஞ்சின் கொழும்பில், கடல் மட்டத்தில், ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். ஊசி ஆடாமல் தாழ்ந்தே நின்றால் லீக் அல்லது பின்தங்கிய இக்னிஷன் டைமிங். சீரான இடைவெளியில் ஒரு வெட்டு வெட்டி விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு. 1000 அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் எடுத்த வாசிப்பை இங்கே எடுத்ததோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

ஓடையைக் கடந்ததைப் பற்றி. தண்ணீர் செய்யும் வேலை பெரும்பாலும் மிஸ் அடிப்பதாகவே வெளிப்படும்: பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம், வெடித்த பிளக் வயர். உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். உள்ளே ஈரப்பசையோ, பென்சில் கோடு போன்ற கரிக்கோடோ இருந்தால் மாற்றுங்கள். எனக்குக் கூடுதலான சந்தேகம் வயர் பிளக்குகளிலும் எர்த் வயரிலும். ஐட்லிங் வால்வு, த்ரொட்டில் சென்சர், கூலன்ட் வெப்ப சென்சர் மூன்றின் பிளக்கையும் கழற்றி, பின்களில் பச்சைப் பூஞ்சணம் போலச் செம்புத் துரு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சினுக்கும் வாகனத்தின் பொடிக்கும் இடையிலான எர்த் பட்டியை, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, மல்டிமீற்றரால் பற்றரி நெகட்டிவுக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். வெப்ப சென்சரைக் கழற்றி அளந்தால் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் சுமார் 300 ஓம். சூடான எஞ்சினில் கிலோ ஓம் கணக்கில் காட்டினால், எஞ்சின் இன்னும் குளிர் என்றே ஈசீயூ நினைத்துக்கொண்டிருக்கும்.

பெற்றோல் பக்கம் அவசரமில்லை, ஓட்டத்தில் இழுவை நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும்: ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டரில் இருந்து மெனிஃபோல்டுக்கு வரும் மெல்லிய ஹோஸைக் கழற்றி மணந்து பாருங்கள். உள்ளே பெற்றோல் நனைவு இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது.

பாஸ் ஸ்கேனர் போட்டுப் பார்த்து "கோட் ஒன்றுமில்லை" என்றாராம். அந்த வயது வாகனத்துக்கு இன்றைய ஸ்கேனர் பெரும்பாலும் பொருந்தவே பொருந்தாது. டயக்னோசிஸ் பிளக்கில் இரண்டு முனையைப் பாலம் போட்டு, செக் எஞ்சின் விளக்கு மினுங்குவதை எண்ண வேண்டும். சுசுகியில் ஒரு மினுங்கலும் பிறகு இரண்டு மினுங்கலுமாக 12 வந்தால் பிழை எதுவும் பதிவாகவில்லை. அதுவும் காற்று லீக் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. அந்தக் காலத்து ஈசீயூ வயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கும், ஹோஸ் வெடித்ததை அல்ல.

ஈசீயூ பழுதாகவே ஆகாது என்று சொல்லவில்லை. 90களின் பெட்டிகளில் கெப்பாசிட்டர் ஒழுகிப் பலகையை அரிப்பது உண்டு, மிட்சுபிஷிகளில் அது பேர்போன வருத்தம். வாங்க முன் உங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கெப்பாசிட்டர் அடியில் பழுப்புக் கறை, மீன் நாற்றம் போன்ற மணம் இருந்தால் பேசலாம். சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பஞ்சிகாவத்தையில் எடுக்கும் பெட்டி உங்களுடையதை விடப் புதிது அல்ல. அதன் கெப்பாசிட்டருக்கும் அதே வயது. வாங்கிப் போட்ட ஐட்லிங் வால்வும் அப்படியே: பழையதை எறியாதீர்கள், அது நல்லதாகவே இருந்திருக்கலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை திறக்காததால் இந்தப் பழைய ஜீப்களைக் கட்டிக் காக்க வேண்டி வந்தது. நல்ல பாவித்த சாமான் எல்லாம் அந்த வருடங்களிலேயே விலைபோய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

இதே வருத்தத்தோடு வேறு வாகனக்காரர் வாசித்தால் ஒரு வார்த்தை. பஜேரோ ஐஓ போன்ற ஜீடீஐ எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வுகளை அது கழுவாது. அங்கே கரிதான் முதல் சந்தேகம். மின் த்ரொட்டில் உள்ள புது வாகனங்களில் கழுவிய பிறகோ பற்றரி கழற்றிய பிறகோ ஐட்லிங் கெட்டால், முதலில் ஸ்கேனரால் ஐட்லிங்கை மறுபடி கற்பிக்க வேண்டும். டீசல் ஜீப்புக்கு இதில் எதுவும் பொருந்தாது, அங்கே பைப்பில் காற்றும் ஃபில்டரில் தண்ணீரும் தேடுங்கள்.

உங்களுக்கு, தம்பி: முதல் நாள் திருகாணியின் பெயின்ட்டும் ஆறிய ரேடியேற்றரின் மட்டமும். அடுத்து தர்மோஸ்டற், காற்று வெளியேற்றல், இரண்டு ஹோஸின் சூடு. அதற்கும் அடங்காவிட்டால் குறடும் தண்ணீர்ப் போத்தலும். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், டயருக்குக் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஏர் கிளீனருக்குப் பக்கத்தில் மீற்றர் இருக்கிறதா, நெம்பைப் பிடித்தபோது தாளம் நின்றதா, எந்த ஹோஸை நசித்தபோது சத்தம் மாறியது என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கோ, அதை வைத்து மேலே சொல்கிறேன்.